தொங்கு வில்லோவும் அதன் பட்டை மருந்தும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டொராண்டோவின் ஏரிக்கரைகளில் குளிர்காலம் முடிந்ததும் முதலில் பச்சை பிடிக்கும் மரங்களில் ஒன்று தொங்கு வில்லோ. சுற்றிலும் எல்லா மரங்களும் மொட்டையாய் நிற்கும்போது, இதன் கயிறு போன்ற கிளைகள் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையில் தண்ணீரைத் தடவிக்கொண்டிருக்கும். சென்ற ஏப்ரலில் அப்படி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் நடைப்பயிற்சிக்கு வந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

“தம்பி, வேதாகமத்தில் வருகிற அலரி இதுதானே? இதன் பட்டை காய்ச்சலுக்கு நல்லதாம். ஊரில் எங்கள் முற்றத்திலும் அலரி நிற்கிறது. தங்கச்சியிடம் அவித்துக் குடிக்கச் சொல்லவோ?”

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. வில்லோ பட்டையில் உண்மையாகவே மருந்து இருக்கிறது. ஆகவே எது வில்லோ, அதன் எந்தப் பகுதி, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் அதில் கைவைக்க வேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: பெயரில் ஏமாறாதீர்கள்

சங்கீதம் 137இல், பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட யூதர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். தங்கள் கின்னரங்களை மரங்களில் மாட்டிவைக்கிறார்கள். ஆங்கில வேதாகமத்தில் அந்த மரம் வில்லோ. தமிழ் வேதாகமத்தில் அது அலரிச்செடி. நம் வீடுகளில் அலரி என்றாலும் அரளி என்றாலும் ஒன்றுதான்: சுவாமிக்கு மாலை கட்டுகிற செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி. இவற்றின் இலை, பட்டை, வேர், விதை அனைத்தும் கொடிய நஞ்சு. இதயத்தின் துடிப்பைத் தாறுமாறாக்கி நிறுத்திவிடும் நஞ்சு அது. காய்ச்சினாலும் உலர்த்தினாலும் போகாது. மஞ்சள் அலரி விதையின் நஞ்சு ஏறியவர்களைக் காப்பாற்றப் போராடுவது இலங்கை மருத்துவர்களுக்குப் பழகிப்போன வேலை.

ஆகையால் ‘வில்லோ என்றால் அலரி’ என்று யார் சொன்னாலும், எந்த அகராதியில் இருந்தாலும், மருந்து விஷயத்தில் அதை மறந்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கு மரத்தடியிலேயே இதை விளக்கினேன். அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டதாக மறுநாள் சொன்னார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாபிலோன் ஆற்றங்கரையில் நின்றது வில்லோவே இல்லை, யூப்ரடிஸ் கரையில் வளரும் ஒருவகைப் பாப்ளர் மரம் என்பது தாவரவியலாளர்களின் கருத்து. அந்தப் பாப்ளரின் இளங்கிளைகளில் இலைகள் வில்லோவைப் போலவே ஒடுங்கி நீண்டிருக்கும். அதனால் வந்த மயக்கம். சங்கீதத்தை மனத்தில் வைத்துத்தான் செடிகொடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் தொங்கு வில்லோவுக்கு ‘சாலிக்ஸ் பாபிலோனிகா’ என்று பெயர் வைத்தார். மரத்தின் தாயகமோ வட சீனம். அங்கிருந்து வணிகப் பாதைகளின் வழியே மேற்கே போனது. பாரசீகத்தில் இதற்குப் ‘பீதே மஜ்னூன்’ என்று பெயர்: மஜ்னூனின் வில்லோ. லைலாவை நினைத்துப் பித்தாகித் தலைவிரிகோலமாய்த் திரிந்தவனின் கூந்தல் அவர்கள் கண்ணுக்கு இந்தக் கிளைகளில் தெரிந்திருக்கிறது. ஆங்கிலேயர் இதை ‘அழும் வில்லோ’ என்றார்கள். எனக்குப் பாரசீகப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் குடும்பத்து மரம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலை வில்லோ இனத்தைச் சேர்ந்தது. ஆனால் வெட்பாலை, ஏழிலைப்பாலை ஆகியவற்றுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. கிரிக்கெட் மட்டை செய்யும் மரம் வெள்ளை வில்லோவின் ஒரு வகை என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். காஷ்மீரத்தில் குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் கங்கிரி என்ற கணப்புச் சட்டிக்குக் கூடை பின்னுவதும் வில்லோ குச்சியில்தான்.

இரண்டாம் படி: கையால் தொட்டு அடையாளம் காணுங்கள்

கிளை தொங்குவதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. தமிழ்நாட்டில் தெருவோரங்களிலும் அலுவலக வளாகங்களிலும் கிளை தொங்க நிற்கும் பாட்டில்பிரஷ் மரத்தைப் பலர் வில்லோ என்று நினைக்கிறார்கள். சிவப்புத் தூரிகை போலப் பூ பூத்தால் அது வில்லோ இல்லை. பூ இல்லாத காலத்தில் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். தைலவாசனை வந்தால் அது பாட்டில்பிரஷ். வில்லோ இலையில் பச்சை மணத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது.

வில்லோ இலை ஒரு விரல் நீளத்திலிருந்து ஒரு சாண் வரை, ஒரு விரல் அகலம்கூட இல்லாமல், நுனி கூர்ந்திருக்கும். அடிப்புறம் வெளிறியிருக்கும். விளிம்பில் விரலை மெல்ல ஓட்டினால் ரம்பப் பல் போல நுண்ணிய பற்கள் தட்டுப்படும். குச்சியில் இலைகள் மாறி மாறி ஒவ்வொன்றாக அமைந்திருக்கும். செவ்வரளியில் ஒரே கணுவில் மூன்று மூன்றாகச் சுற்றி நிற்கும். விளிம்பு மழமழவென்று இருக்கும். மஞ்சள் அரளியில் இலைகள் தனித்தனியாக இருந்தாலும் கிள்ளினால் பால் வடியும். வில்லோவில் பால் கிடையாது. கிள்ளிய இடத்தில் பால் கண்டால் கையைக் கழுவிவிட்டு விலகிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம் மொட்டு. குளிர்காலத்து வில்லோ குச்சியை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான மரங்களின் மொட்டில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வில்லோ மொட்டுக்கு ஒரே செதில்தான். குழந்தைக்குக் குல்லாய் மாட்டியது போல மொட்டு முழுவதையும் அது மூடியிருக்கும். நகத்தால் தள்ளினால் குல்லாய் முழுசாகக் கழன்று வரும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் பூங்காக்களில் நிற்பவை பெரும்பாலும் அசல் சீன மரம் அல்ல. சீனத் தொங்கு வில்லோவும் வெள்ளை வில்லோவும் கலந்த கலப்பினம் அது. குச்சிகள் பொன்மஞ்சளாக இருப்பதைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம். மருந்துக்கு இது முக்கியமான செய்தி. ஏன் என்று கீழே வருகிறது.

மூன்றாம் படி: பட்டையில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

வசந்தத்தில் நீர் ஏறிய குச்சி ஒன்றை ஒடித்து, பட்டையில் நீளவாக்கில் ஒரு கீறல் போடுங்கள். வாழை மட்டை உரிவதுபோலப் பட்டை அப்படியே கழன்று வரும். உட்புறம் வழவழப்பாக, ஈரமாக, இளம்பச்சை ஓடிய வெண்மையில் இருக்கும். காற்றுப் பட்டால் சிறிது நேரத்தில் பழுப்பேறும். அதில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கசப்பு எழும்பும். கடுக்காய் மென்றது போல நாக்கின் ஓரங்கள் துவர்த்துச் சுருங்கும். துப்பிவிடுங்கள். கசப்பு பெரிதும் சாலிசின் என்ற பொருளுடையது. துவர்ப்பு டானின்.

இந்தக் கசப்புதான் மருத்துவ வரலாற்றையே திருப்பியது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரில் இருந்த பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன் ஒருநாள் வில்லோ பட்டையை வாயில் போட்டுப் பார்த்தார். முறைக்காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த சின்கோனா பட்டையின் கசப்பு அவருக்கு நினைவு வந்தது. சின்கோனாவோ தென்னமெரிக்காவிலிருந்து வரும் விலையுயர்ந்த சரக்கு. ஏறக்குறைய ஒரு பவுண்டு வில்லோ பட்டையைச் சேகரித்து, ரொட்டி சுடுபவரின் அடுப்புக்கு வெளியே பையில் தொங்கவிட்டு மூன்று மாதங்களுக்கு மேல் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கினார். ஐந்தாண்டுகளில் சுமார் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். அடம்பிடித்த சில காய்ச்சல்களைத் தவிர மற்றவற்றில் பலன் கிடைத்ததாக 1763 ஏப்ரல் 25 அன்று லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அச்சில் அவர் பெயரை எட்மண்ட் என்று மாற்றிப் போட்டுவிட்டார்கள்; அந்தத் தவறு நெடுங்காலம் தொடர்ந்தது.

ஸ்டோனை நான் மதிக்கிறேன். தோற்ற இடத்தையும் சேர்த்தே எழுதினார் அவர். ஆனால் அவர் நினைத்த காரணம் பிழை. ஈரமான இடத்தில் நோய் வந்தால் மருந்தும் அங்கேதான் முளைத்திருக்கும் என்பது அக்கால நம்பிக்கை. வில்லோவைத் தேடிப்போக அதுவும் அவருக்கு ஒரு காரணம். அவர் பார்த்த முறைக்காய்ச்சல் பெரும்பாலும் மலேரியா. சின்கோனாவில் உள்ள குயினைன் மலேரியாக் கிருமியைக் கொல்லும். வில்லோவின் சாலிசின் சூட்டைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. காய்ச்சல் இறங்குவது வேறு, நோய் தீர்வது வேறு என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் இது உயிர் காக்கும்.

அதன் பிறகு கதை வேகமாக ஓடியது. 1828இல் மியூனிக்கில் யோஹான் புஃக்னர் பட்டையிலிருந்து கசப்பான சாலிசினைப் பிரித்தார். 1838இல் ரஃபேல் பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். 1876இல் ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் மக்லகன் மூட்டுவாதக் காய்ச்சலுக்குச் சாலிசின் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். 1897இல் பாயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அசிட்டைல்சாலிசிலிக் அமிலத்தைத் தூய்மையாகத் தயாரித்தார். 1899இல் அது ஆஸ்பிரின் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இதைப் படித்துவிட்டு ‘வில்லோ பட்டைதான் இயற்கை ஆஸ்பிரின்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. சாலிசினைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்து, பிறகு கல்லீரல் மாற்றி, அதற்குப் பிறகுதான் சாலிசிலிக் அமிலம் உருவாகிறது. ஆகவே மெதுவாக வேலை செய்யும். தலைவலிக்குக் குடித்துவிட்டுக் கால் மணியில் பலனை எதிர்பார்க்க வேண்டாம். முகப்பூச்சுகளில் ‘வில்லோ பட்டைச் சாறு, இயற்கைச் சாலிசிலிக் அமிலம்’ என்று எழுதியிருப்பதை நம்பியும் பணம் கொடுக்க வேண்டாம். தோலின் மேல் தடவினால் அதே மாற்றம் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பலன் உண்டா என்றால், முதுகுவலிக்கு உண்டு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 210 பேரிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் சாலிசின் அடங்கிய சாறு எடுத்தவர்களில் 39 சதவீதம் பேர் நான்காம் வாரத்தில் வலியின்றி இருந்தார்கள். 120 மில்லிகிராம் எடுத்தவர்களில் 21 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 6 சதவீதம்.

நான்காம் படி: யாருக்கு ஆகாது

இதைத் தாண்டிப் போய் அடுத்த படியைப் படிக்காதீர்கள்.

டெங்கு பரவும் ஊரில் இருந்தால், அல்லது அங்கிருந்து அண்மையில் திரும்பியிருந்தால், காய்ச்சலுக்கு வில்லோ பட்டையைத் தொடவே தொடாதீர்கள். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து உள்ளே இரத்தம் கசியலாம். ஆஸ்பிரின் போன்றவை அதை மோசமாக்கும் என்பதால்தான் மருத்துவர்கள் பாராசிட்டமால் மட்டும் தருகிறார்கள். வில்லோவும் அதே குடும்பத்து மருந்து. ஸ்டோனின் ஊரில் டெங்கு இல்லை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் இருக்கிறது. மலைநாட்டிலிருந்து ஆற்றுப்பாலைப் பட்டை கொண்டுவந்து தந்தாலும் காய்ச்சலுக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் நிலை. சளிக்காய்ச்சலோ அம்மையோ கண்ட பிள்ளைக்குச் சாலிசிலேட் (ஆஸ்பிரினும் சாலிசினும் சேர்ந்த மருந்துக் குடும்பம்) கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் வர வாய்ப்புண்டு. அரிதுதான், வந்தால் ஆபத்து.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், அது பட்டால் இழுப்பு வருகிற ஆஸ்துமாக்காரர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் விலகியிருக்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மிடறும் குடிக்கக் கூடாது. நம் பெரியவர்களில் பலர் இதயத்துக்காகத் தினமும் சிறிய ஆஸ்பிரின் மாத்திரை போடுகிறவர்கள். 240 மில்லிகிராம் சாலிசின் உடலில் தருகிற சாலிசிலேட் ஏறத்தாழ 87 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ‘வெறும் கஷாயம்தானே’ என்று நினைத்துக் குடிப்பவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்துப் போடுகிறார்.

ஐந்தாம் படி: பட்டையைப் பெறுவது

பூங்கா மரத்தில் கத்தி வைக்காதீர்கள். விதிமீறல் என்பது ஒருபுறம். தண்டைச் சுற்றிப் பட்டை உரித்தால் மரம் செத்துப்போகும். வேறொரு காரணமும் உண்டு. வில்லோ மண்ணிலுள்ள காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். கெட்டுப்போன நிலத்தைத் தூய்மையாக்க வில்லோ நடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை ஓரத்து மரத்தின் பட்டை எப்படி இருக்கும்!

மருந்துக்கு ஐரோப்பிய மருந்து நூல் விதிப்பது இளங்கிளைகளின் பட்டை. அதில் சாலிசின் கணக்கில் குறைந்தது 1.5 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு ஊதா வில்லோ போன்ற இனங்களைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளை வில்லோவில் அளவு குறைவு. பூங்காவில் நிற்கும் தொங்கு வில்லோ அதன் கலப்பு. எனவே அதில் மருந்து இருந்தாலும், எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பழகிப் பார்க்கத் தொங்கு வில்லோ. குடிக்கக் கடையில் வாங்கிய பட்டை. இதுதான் என் வழக்கம். கனடாவில் வாங்கினால் பொட்டலத்தில் எட்டு இலக்க என்பிஎன் (NPN, இயற்கைப் பொருள் எண்) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த இனம் என்று எழுதாத பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: கஷாயம்

சிறு தராசில் நிறுத்து 1 முதல் 3 கிராம் உலர்ந்த பட்டைத்தூள் எடுங்கள். முதல் முறை 1 கிராம் போதும். ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு, மூடி, சிறு தீயில் கொதிக்கவிட்டு, கால் மணி நேரம் அப்படியே வைத்து வடிகட்டுங்கள். சுக்கு தட்டிப் போட்டால் கசப்பு சற்று அடங்கும். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1.5 சதவீதப் பட்டையில் 3 கிராம், நான்கு வேளை: மொத்தம் 180 மில்லிகிராம் சாலிசின், அதுவும் முழுவதும் தண்ணீரில் இறங்கினால். ஆய்வில் அதிகப் பலன் தந்த 240ஐ எட்டவில்லை. ‘அப்படியானால் இரண்டு மடங்கு போடுவோம்’ என்று கிளம்பாதீர்கள். டானின் வயிற்றைப் புரட்டும். அளவு தெரிந்த மாத்திரையாக வாங்குவது மேல். மூட்டுவலிக்கு நான்கு வாரங்களுக்கு மேல் தொடர வேண்டாம். காதில் இரைச்சல், உடலில் தடிப்பு, வயிற்றெரிச்சல், கறுத்த மலம் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

குடிக்காமலே பயன்படுத்த

சீனத்தில் வில்லோ குச்சியும் இலையும் வாத வலிக்கும் மஞ்சள்காமாலைக்கும் பல்வலிக்கு வாய் கொப்பளிக்கவும் பயன்பட்டுவந்தன. நமக்கு வேம்பும் ஆலும் வேலும் போல, அங்கே பல் துலக்க வில்லோ குச்சி. இந்தியாவின் புத்தத் துறவிகள் பயன்படுத்திய பற்குச்சிக்குச் சீன மொழிபெயர்ப்பில் ‘வில்லோ குச்சி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 671இல் கடல்வழியே புறப்பட்டு நாலந்தாவில் கற்ற யீஜிங் என்ற துறவி, இங்கே வில்லோ அரிது, துறவிகள் மெல்லுவது வேறு மரக்குச்சி என்று திருத்தி எழுதினார். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஜப்பானில் இன்றும் பல் குத்தும் குச்சிக்கு ‘யோஜி’, அதே வில்லோ குச்சி என்றுதான் பெயர். யுனானி வைத்தியத்திலோ வேறொரு வில்லோவின் பூங்கொத்தை வடித்து ‘பேத்முஷ்க்’ என்ற மணநீர் எடுக்கிறார்கள். படபடப்புக்குக் கொடுப்பது வழக்கம்.

பூங்காவில் புயல் முறித்துப் போட்ட கிளை கிடைத்தால், பென்சில் கனமுள்ள குச்சிகளைத் துண்டாக்கி ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். வேர் பிடிக்கத் தயங்கும் செடிக் கம்புகளை அந்த நீரில் நிறுத்தி வைப்பது தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். எங்கள் பால்கனியில் செம்பருத்திக் கம்புகளை அதில்தான் வைக்கிறேன். வில்லோ குச்சியையே ஒரு போத்தல் நீரில் நிறுத்தினால், ஒன்றிரண்டு வாரத்தில் பட்டையைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வேர்கள் எட்டிப்பார்க்கும். வேரின் கரு பட்டைக்கடியில் முன்பே தயாராக இருப்பதால் வரும் வேகம் அது. அதை மண்ணில் நடுவதாக இருந்தால் வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நடுங்கள். தண்ணீர் கசியும் குழாய் மூட்டு எங்கே இருந்தாலும் அந்த வேர் தேடிப் போய்விடும்.